நாற்பதடி பிலிம்

தங்கையின் கணவர் ஏழுமலை மூன்றாவது முறையாகக் கேட்டபோது சுதாகரனிடம் சொல்வதற்கு வேறு சாக்கு மிச்சமிருக்கவில்லை.

“மச்சான், அந்தப் பிலிம் துண்டு கெடச்சிச்சாங்க?”

“தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்பிள்ள. பழைய பெட்டியெல்லாம் எங்கெங்கயோ கெடக்கு.”

“அவசரமில்லங்க. திவசத்துக்கு இன்னும் ரெண்டு கெழம இருக்கு. நாலு செகண்டு இருந்தாலும் போதும். படுத்திருந்தவ எழும்பி சிரிப்பாள்ல, அது மட்டும். ஸ்டூடியோ கபூர் நானா அதுல இருந்து ஒரு போட்டோ அடிச்சுத் தாறேன்னாரு.”

சுதாகரன் போனை வைத்தார். எந்தப் பெட்டியையும் அவர் திறக்கவில்லை. திறந்து பயனில்லை. அந்தச் சிரிப்பு எந்தப் பெட்டியிலும் இல்லை. அப்படி ஒன்று எடுக்கப்படவே இல்லை.

சுதாகரன் யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். இருபது வயதில் கொழும்புக்குப் போய், சிங்களப் படக் கம்பெனி ஒன்றில் ஒட்டிக்கொண்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் சினிமாவில் நின்றுவிட்டார். பன்னிரண்டு படங்கள் இயக்கினார். அதில் பத்து சிங்களம். மூன்று ஓடின, இரண்டு பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை, மற்றவை வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. போஸ்டரில் ‘சுதா’ என்று மட்டும் போடுவார்கள். பாதிப்பேர் அவரைச் சிங்களவர் என்றே நினைத்தார்கள். அவரும் திருத்தப் போனதில்லை. யுத்தம் நடந்த காலத்தில் அது வசதியாகவும் இருந்தது. தியேட்டர்கள் மூடப்பட்ட பிறகு டெலிநாடகத்துக்கு வந்தார். பத்து வருஷம் வீடு வீடாகப் பெண்களை அழவைத்தார். நடிக்கத் தெரியாதவளையும் இரண்டாவது டேக்கில் அழவைத்துவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது.

தங்கை சுகந்தினி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

போன கார்த்திகை மழையில், காலை பத்து மணிக்கு, லயத்துக்குப் பின்னால் இருந்த மலை சரிந்து இறங்கியது. ஏழுமலை ரொட்டிக்கு மா வாங்கக் கடைக்கு இறங்கியிருந்தார். மகள் ஷாமிளா கார்மென்ட்சில் இருந்தாள். லயத்து அறையான காம்பராவில் சுகந்தினி மட்டும்தான். அவிசாவளை வீதி தண்ணீருக்குள் கிடந்ததால் சுதாகரன் வரக்காப்பொல வழியாகச் சுற்றி வந்தார். பிறந்த வீட்டுக் கோடித்துணி அண்ணன் கையால்தான் விழவேண்டும் என்று வழியில் ஒரு கடையில் நிறுத்திப் பச்சைச் சேலை ஒன்று வாங்கினார். போடுவதற்கு உடம்பு இல்லை. நான்கு நாள் மண் தோண்டினார்கள். அந்த லயத்தில் போன ஏழு பேரில் ஐந்து பேர் கிடைத்தார்கள், சுகந்தினி கிடைக்கவில்லை. மாற்றுத்துணி இல்லாமல் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஷாமிளாவிடம் அவர் அந்தச் சேலையைக் கொடுத்துவிட்டார். நான்காம் நாள் சகதி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, கேமராவை எதிர்ச்சரிவில் வைத்தால் மண் அள்ளும் பேக்கோ இயந்திரம் சின்னதாகத் தெரியும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். அதற்குக்கூட அவருக்கு வெட்கம் வரவில்லை.

ஏழுமலை கேட்பது முதல் படத்தின் துண்டு. தொண்ணூற்று மூன்றில், சொந்தத் தோட்டத்திலேயே எடுத்த தமிழ்ப் படம். அதில் ஒரு சாவு வீடு வரும். பிணமாகப் படுக்க ஏற்பாடு செய்திருந்த பெண், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பாடையில் படுக்கமாட்டேன் என்று கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டாள். சுகந்தினிதான், “நான் படுக்கிறேண்ணே, தூங்குறதுக்கு என்ன படிப்பா வேணும்?” என்று முன்னால் வந்தாள். வயது இருபத்து நாலு. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சினிமாக்காரர்களுக்கு இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். அந்தச் சிரிப்பையும் பிலிமில் பிடிக்கவேண்டும். பிடித்துவிட்டால் தோஷம் இல்லை. படத்தில் சேராவிட்டாலும் அது பெட்டிக்குள் இருக்கவேண்டும். அதைச் சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தார்.

அன்றைக்குக் கையில் இருந்தது கடைசிச் சுருள். சாவுக் காட்சி முடிந்தபோது நாற்பது அடி மிச்சம். அரை நிமிஷத்துக்கும் குறைவு. சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் மலையில் மேகம் இறங்குவதை எடுக்கவேண்டும் என்று சுதாகரன் ஒரு வாரமாகக் காத்திருந்தார். கேமரா உதவியாளனாக இருந்த கபூரைத் தனியாகக் கூப்பிட்டு, பிலிம் இல்லாத வெறும் பெட்டியைக் கேமராவில் மாட்டி ஓட்டச் சொன்னார். கேமரா கிர்ரென்று ஓடியது. சுகந்தினி எழுந்து, நெற்றிக் காசைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லயமே கைதட்டியது. கூட்டத்தில் நின்ற ஏழுமலை அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தான் என்று பிறகு எல்லோரும் கேலி செய்வார்கள்.

மேகம் இறங்கும் காட்சியை வெளிநாட்டு விழா ஒன்றில் புகழ்ந்தார்கள். நாற்பது வருஷ வேலையில் எதைப் பற்றிக் கேட்டாலும் பேட்டிக்காரர்கள் கடைசியில் அந்த இருபத்தாறு செகண்டில்தான் வந்து நிற்பார்கள்.

கபூர் கடைக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் ஏழுமலைக்குச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சுதாகரன் யட்டியாந்தோட்டைக்குப் போனார். கபூர் பஜாரில் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அடையாள அட்டைப் படம், லெமினேட்டிங், போட்டோகொப்பி.

“ஏழுமலைக்கிட்ட இன்னும் செல்லல்லயா?” என்றார் கபூர்.

“எப்பிடிச் சொல்ற?”

“பன்னெண்டு படத்துல எத்தின பேருக்கு டயலாக் செல்லிக் குடுத்தீங்க? ஒங்களுக்குண்டு ஒண்டு வருதில்லயா?”

“நீங்க வேற.”

“நான் வேற இல்ல, சுதா. சுவிச்ச அமத்தினது இந்தக் கை. போட்டோ கேட்ட நேரம் இல்லண்டு செல்ல வாய் வரல்ல, தாறேண்டுட்டேன். அந்த மனிசன் பஸ்ஸால எறங்கி வாற நேரமெல்லாம் நான் கடைக்குள்ள பூந்துக்குவேன்.”

பதினொரு மணிக்கு ஏழுமலையும் ஷாமிளாவும் வந்தார்கள். ஏழுமலை ஷேவ் எடுத்து, கஞ்சி போட்ட சட்டை போட்டிருந்தார். கையில் பேப்பர் பிரிக்காத புதுப் படச்சட்டம்.

“நானா, பெரிய டீவியில போடுங்க. சின்னதுல பாத்தா அவ கோவிச்சுக்குவா.”

“அப்பாவுக்கு வெளங்குதில்ல மாமா,” என்றாள் ஷாமிளா. “என் போன்ல அம்மா எவ்வளவோ இருக்காங்க. ஆனா முன்பல்லு விழுந்ததுக்குப் பொறகு எந்தப் போட்டோவுலயும் வாயத் தெறக்கல. எல்லாத்துலயும் முந்தானையால பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. அதான் அப்பா இதையே புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு.”

சுதாகரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே சொன்னார்.

“மாப்பிள்ள, அந்தச் சிரிப்ப நாங்க எடுக்கல.”

ஏழுமலை சிரித்தார். “என்னங்க நீங்க. கேமரா ஓடிச்சே. நான் பக்கத்துல நின்னேனே.”

“ஓடிச்சு. உள்ளுக்குப் பிலிம் இல்ல.”

கபூர் லெமினேட்டிங் மெஷினை அணைத்தார். வெளியே கேகாலை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

“ஏன் மாமா?”

“நாப்பதடிதான் மிச்சம் இருந்திச்சு. சாயங்காலம் மலையில மேகம் எறங்குறத எடுக்கணும்னு அத வச்சிக்கிட்டேன்.”

“நம்ம லயத்துக்குப் பின்னுக்கு இருந்த மலையையா?”

“ஆமா.”

ஏழுமலை படச்சட்டத்தை மேசையில் வைத்தார். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சுகந்திக்குத் தெரியுமாங்க?”

“தெரியாது.”

“நல்லதாப் போச்சு. அந்தப் படம் எப்ப டீவியில போனாலும் லயம் பூராவும் கூட்டி வச்சு, நான் சிரிச்சது எங்கண்ணன்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லுவா.” மடியிலிருந்த சட்டத்தைத் தடவினார். “அப்ப என்னதாங்க இருக்கு?”

“படுத்திருக்கிறது மட்டும். படத்துல ஆறு செகண்டு. வெட்டி வீசினதும் சேத்து முப்பது செகண்டு, இதுல இருக்கு.” சுதாகரன் சட்டைப்பையில் இருந்து பென் டிரைவை எடுத்தார். ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“போடுங்க நானா.”

“வேணாம் மாப்பிள்ள. பொணமா கெடக்கிறத ஏன் பாக்கணும்?”

“நாங்க மொகம் பாக்கலீங்களே, மச்சான்,” என்றார் ஏழுமலை. சத்தம் உயரவில்லை. “எல்லாரும் அவங்கவங்க ஆளுக்கு மொகம் பாத்தாங்க. எங்களுக்கு கிராம சேவகர் எழுதிக் குடுத்த கடுதாசிதான். போடுங்க.”

கபூர் சுதாகரனைப் பார்த்தார். சுதாகரன் சரி என்று தலையை ஆட்டினார்.

ஒலி இல்லாத துண்டு. இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் ஈரமண்ணில் பாய். தலைமாட்டில் விளக்கு. வகிடெடுத்து வாரிய முடி, தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, நெற்றியில் காசு. சுற்றி உட்கார்ந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். இருபது செகண்டுக்கு மேல் சுகந்தினியிடம் அசைவே இல்லை. பிறகு வலது கால் பெருவிரல் ஒருமுறை வெட்டி உதறியது. அதோடு திரை இருண்டது.

அன்றைக்கு அந்த உதறலில்தான் சுதாகரன் கட் சொன்னார். செத்தவ காலாட்டுவாளாடீ என்று நாற்பது பேருக்கு முன்னால் ஏசினார்.

ஏழுமலை முன்னுக்குச் சாய்ந்தார்.

“அட்ட,” என்றார்.

“என்ன?”

“அட்டைங்க. பாய்க்கடியில இருந்து ஏறியிருக்கு. அவ சொல்லுவா. வெரலுக்கு நடுவுல பூந்து நல்லா கடிச்சிச்சாம். ஆடுனா அண்ணனுக்குப் பிலிமு வீணாப் போயிரும்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாளாம். கடைசியில தாங்காம ஒரே ஒரு உதறு. அதுக்கும் ஏசிப்புட்டாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

“எனக்கும் சொல்லியிருக்காங்க,” என்றாள் ஷாமிளா. “ரத்தம் நிக்கிறதுக்குச் சுண்ணாம்பு வச்சாங்களாம்.”

முப்பத்து மூன்று வருஷத்தில் இதை யாரும் சுதாகரனிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

“திரும்பப் போடுங்க,” என்றார் ஏழுமலை. இரண்டாம் முறை அவர் காலைப் பார்க்கவில்லை. எழுந்து டீவிக்குக் கிட்டப் போய் நின்று முகத்தை மட்டும் பார்த்தார். ஷாமிளாவும் போய்ப் பக்கத்தில் நின்றாள். சுதாகரனுக்கு அவர்கள் இரண்டு பேரின் முதுகு மட்டும் தெரிந்தது. மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை. கபூரே போட்டார்.

பிறகு ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“போட்டோ வேணாங்க. வெளக்கு வச்சாப் போதும். நீங்க அன்னைக்கி வந்திருங்க, மச்சான். பொறந்த வீட்டுல வேற ஆளு இல்ல.”

“வாறேன்.”

படச்சட்டத்தைக் கபூரிடமே கொடுத்துவிட்டு இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். திட்டுவார்கள் என்று சுதாகரன் எதிர்பார்த்திருந்தார். யாரும் திட்டவில்லை.

“நிப்பாட்டவா?” என்றார் கபூர்.

“ஓடட்டும்.”

அவர் அந்தத் துண்டை மறுபடி பார்த்தார். இந்த முறை காலை மட்டும் பார்த்தார். அட்டை எங்கே இருக்கிறது என்று தேடினார். பாயின் நிழலில் ஒன்றும் தெரியவில்லை. கேமராவை அவ்வளவு தூரத்தில் வைத்திருந்தார்.