கத்தரி வெட்டு

அந்தச் சீருடைச் சட்டை தையல்காரியிடம் வருவது இது மூன்றாவது முறை. முதலில் கை கிழிந்திருந்தது. அடுத்த தடவை பொத்தான் ஒன்றுகூட இல்லை. இப்போது முதுகில் நீளமாக ஒரு வெட்டு.

"ஆணியில மாட்டிக்கிச்சாம்," என்றாள் கொண்டுவந்தவள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.

இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறவளுக்குத் தெரியாதா? "ஆணி இல்லைங்க, கத்தரி. யாரோ வெட்டியிருக்காங்க. பொண்ணு எந்த கிளாஸ்?"

"ஏழாவது. பி செக்‌ஷன்."

தையல்காரியின் மகளும் அதே வகுப்புதான்.

சாயங்காலம் மகளிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டாள்.

"யாரு, பல்லியா?" பட்டப்பெயரோடு வந்த சிரிப்பு, வந்த வேகத்தில் நின்றது.

"நீயா வெட்டினே?"

"கிளாஸ்ல அந்த மூணு பேரும் அவளைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் வெட்டினது மட்டும்தான்."

பளாரென்று அறைந்துவிட்டாள். மகள் அழவில்லை.

"போன வருஷம் என் முடிய வெட்டினாங்களே, அப்ப எங்கம்மா போனே? பபிள்கம் ஒட்டிக்கிச்சு, நானே வெட்டிட்டேன்னு சொன்னேன். நம்பிட்டே. இவ வந்தப்புறம்தான் என்னை விட்டாங்க. கத்தரிய கையில குடுத்து, நீயா அவளான்னு கேட்டாங்கம்மா."

அரை அங்குலப் பிசகைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. அது வீட்டுக்குள் குருடாக இருந்திருக்கிறது.

மறுநாளே மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்காரி வீட்டுக்குப் போனாள். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். மகள் "மன்னிச்சிடுங்க ஆன்ட்டி" என்றதும், உள்ளே யாரோ ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"குரலைக் கேட்டாலே ஒளிஞ்சுக்கறா. சாப்பிட்டா வாந்தி எடுக்கறா. இனிமே அந்த ஸ்கூலுக்கு அனுப்பமாட்டேன். போயிடுங்க."

திரும்பி வரும்போது மகள் சொன்னாள்: "அவ போயிட்டா, இனி நான்தான்."

"அம்மா இருக்கேன்ல?"

"கிளாசுக்குள்ள வருவியா?"

தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தாள். நடந்ததையெல்லாம், தன் மகள் வெட்டியதையும் சேர்த்து, ஒளிக்காமல் சொன்னாள். "பிள்ளைங்க விளையாட்டும்மா. நாமதான் பெரிசு பண்றோம்," என்று பதில் வந்தது. வேறு பள்ளியில் இடம் கேட்டாள். வருஷ நடுவில் முடியாது என்றுவிட்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளி வாசல்வரை வந்தவள், மகளின் கையை விடவில்லை. மகள்தான் உருவிக்கொண்டு போனாள். படியில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தார்கள். ஒருத்தி, பழைய சிநேகிதிபோல, அவள் தோளில் கை போட்டாள்.

"நகருங்கம்மா, மணி அடிச்சாச்சு," என்று காவலாளி கதவைச் சாத்தினார்.