வழவழப்பான இடங்கள்

டைல்ஸ் துண்டைக் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மூடிய பிறகும் கொத்தனாரின் கை சும்மா இருக்கவில்லை. பூச்சுக் கரணையின் முதுகால் ஒரு தட்டு, ஒரு இழுப்பு, ஓரத்தில் ஒரு வழிப்பு. காலமெல்லாம் சுவர் பூசிய கை. எதையும் மேடு பள்ளமாக விட்டுவிட்டு எழுந்திருக்க அதற்குத் தெரியாது. புதையல் விளையாட்டுக்காக, பிள்ளைகள் வருவதற்குள் கொல்லைப்புறத்தில் ஏழெட்டு இடங்களில் இப்படிப் புதைத்து முடித்துவிட்டார். ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் பென்சிலால் ஒரு படம்: துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, எலுமிச்சைச் செடி. படத்தில் இருப்பதன் பக்கத்தில் தோண்டினால் அடுத்த துண்டு கிடைக்கும். கடைசித் துண்டில் மட்டும் ஒரு பெட்டியை வரைந்து பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். அதற்கப்புறம் அவர்களே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

தேடினாலும் கிடைக்காது. பெட்டி அடுப்படி அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. பழைய பிஸ்கட் டப்பாதான். உள்ளே சின்னவனுக்கு ஒரு குட்டி டார்ச் லைட், பெரியவளுக்குப் பாசிமணி மாலை. நாளைக் காலையில் பிள்ளைகளின் அம்மா புது வேலைக்காக அவர்களைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறாள். அங்கே போய்ச் சேரவே ரயிலில் இரண்டு நாள் ஆகும். அவளும் அவரும் பிரிந்ததிலிருந்து பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். இனிமேல் லீவுக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். புதையல் கிடைக்காமல் போனால் சின்னவன் விடமாட்டான், அழுது அடம்பிடித்தாவது திரும்பி வந்துவிடுவான். அவர் போட்ட கணக்கு இவ்வளவுதான். பெற்ற பிள்ளைகளையே ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

சின்னவனுக்கு அவர் வைத்த பெயர் சுண்டெலி. அன்றைக்கு அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் தலைகால் புரியாமல் ஓடி ஓடித் தோண்டினான். பெரியவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. அவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள், "தொட்டிக்கு அந்தப் பக்கம்டா, அங்க தோண்டு" என்பாள். சொன்ன இடத்தில் துண்டு இருக்கும். மகளுடைய மூளையை நினைத்து அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் இந்த வேகத்தில் போனால் மத்தியானத்துக்குள் கேள்விக்குறி வந்துவிடும்.

அப்படியேதான் வந்தது. அதற்கப்புறம் சுண்டெலி சுவரோரமெல்லாம் தோண்டினான். செடியடியில் தோண்டினான். நகக்கண்ணெல்லாம் மண். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. "இங்கயாப்பா? கிட்ட வந்துட்டேனா, தள்ளிப் போயிட்டேனா, அத மட்டுமாவது சொல்லுங்கப்பா" என்று கெஞ்சினான். அவர் திருதிருவென்று விழித்து, "தேடுடா, தேடு" என்றார். பாவி, பாவி என்று உள்ளுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு வந்து அவர் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"நீங்க பொதைச்ச இடமெல்லாம் வழவழன்னு இருக்கும். காலைல வந்ததுமே பாத்துட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப அப்படி ஒரு இடம்கூட பாக்கியில்ல. பெட்டிய வைக்கவே இல்லல்ல?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்லலாமென்றுதான் வாயைத் திறந்தார். "வச்சா முடிஞ்சு போயிரும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள், தம்பி தொட்டிக்குப் பின்னால் போகும்வரை காத்திருந்து, அவர் மடியிலிருந்த கரணையை எடுத்துக்கொண்டு சுவர் மூலைக்குப் போனாள். அங்கே குழி எதுவும் தோண்டவில்லை. சும்மா கிடந்த மண்ணைக் கொத்திக் கிளறி, அவரைப் போலவே கரணையைத் திருப்பிப் பிடித்து இழுத்தாள். சரியாக வராமல் உள்ளங்கையால் அழுத்தினாள்.

வாசலில் கார் வந்து நின்றது. அவர்களுடைய அம்மா படியேறாமல் அங்கிருந்தே, "ரெண்டு பேரும் சாப்பிட்டாங்களா?" என்றாள். "ம்" என்றார்.  சின்னவன் வரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"இங்க வாடா. இதான் எடம். ஆழமா இருக்கு, இன்னைக்கு முடியாது. அடுத்த தடவ வந்து தோண்டலாம்" என்றாள் பெரியவள்.

அவன் குனிந்து பார்த்தான். நம்பிவிட்டான். ஒரு குச்சியை ஒடித்து அங்கே நட்டான். "யாரையும் எடுக்க விடாதீங்கப்பா!" என்று காரிலிருந்தும் கத்திக்கொண்டே போனான். பெரியவள் கையசைக்கவில்லை. மண் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

அவர் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். இப்போதாவது புதைத்துவிட்டால் அவள் சொன்னது உண்மையாகிவிடும். குந்தி உட்கார்ந்து, அவள் விட்டுப்போன கரணையை ஓங்கினார். மண் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஐந்து விரலோடு அவள் உள்ளங்கை. அந்த ஓரத்தைத் தேய்த்துவிடக் கை தானாக நீண்டது. அதை இழுத்துக்கொண்டார். தோண்டினால் அந்தத் தடம் போய்விடும். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தொட்டியடியில் கிடந்த வாளியை எடுத்துவந்தார். குச்சி சாயாமல், ஒரு விரல் தடம்கூடக் கலையாமல், அந்த இடத்தின்மேல் மெதுவாகக் கவிழ்த்தார்.