பெண்களுக்கான நிழல்

தண்ணீர்க் குழுவில் ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள், ஒருவர்கூடக் குடம் தூக்கியதில்லை. மோட்டார் அறைச் சாவி மட்டும் தலைவரின் கழுத்தில் பதக்கம்போலத் தொங்கும். தெருத்தொட்டியின் ஏணியில் பெண்கள் ஏறக்கூடாது. ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பதை ஒன்பது விதமாக விளக்குவார்கள்.

ஏணி இல்லாதவர்களுக்குக் குடம் இருந்தது. காலிக்குடத்தின் வாயைத் தொட்டிச் சுவரில் பொருத்தி, அடிப்பக்கம் காதை வைத்தே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள் பெண்கள். அதில் தையற்காரியின் காது எமகாதகக் காது. தலைவரின் கூடப்பிறந்த தங்கை அவள்.

புதிதாக வெள்ளையடித்த தொட்டியை விளிம்புவரை நிரப்பி விழா எடுக்கும் நாள். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் அவள் குடத்தை வைத்துக் கேட்டாள். தொட்டிக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. அதைவிடப் பக்கத்தில், சுவருக்குள்ளேயே, இன்னொரு சத்தம் ஊர்ந்தது.

நேரே அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, மோட்டாரை நிறுத்து. சுவத்துக்குள்ள தண்ணி ஓடுது. தாங்காது."

"யாரு சொன்னா?"

"குடத்துல கேட்டேன்."

குழுவே சிரித்தது. "டாக்டரம்மா சுவத்துக்கு நாடி பாத்துட்டாங்க!" என்றார் செயலாளர்.

"அண்ணே, பாதியோட நிறுத்து. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"நாலு பெரிய மனுஷங்க வர்ற நேரத்துல மானத்த வாங்காத. போய் உக்காரு. உங்களுக்குன்னுதான் சுவரோரமா நிழல்ல நாற்காலி போட்டிருக்கேன். பொம்பளைங்கள வெயில்ல வாட விடுவோமா?"

அவள் பெண்களின் வரிசை நெடுகக் குனிந்து, ஒவ்வொருத்தி காதிலும் ஒரே வார்த்தையைச் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருமே குடம் வைத்துக் கேட்டவர்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்க வெயிலுக்குப் போய்விட்டார்கள். சுவரோரம் மிஞ்சியது அவளுடைய நாற்காலி ஒன்றுதான்.

மகளிர் முன்னேற்றம் குறித்துப் பேசிக்கொண்டிருந்த தலைவர் அதைப் பார்த்துவிட்டார். முகம் சிவக்க, மைக்கும் கையுமாக மேடையை விட்டு இறங்கினார்.

"ஒரு பொம்பள கிளப்பிவிட்ட புரளிய நம்பலாமா? இதோ, நானே உக்கார்றேன்!"

உட்கார்ந்து, சுவரில் நன்றாகச் சாய்ந்தார். கைதட்டல் பறந்தது.

அவள் மோட்டார் அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. சாவி அண்ணன் கழுத்தில். திரும்பி ஓடிவந்து நிழலுக்குள் நுழைந்தாள்.

"அண்ணே, எந்திரி. சாவியக் குடு."

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து சபையைப் பார்த்துச் சிரித்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"பாருங்க, நிழல்லயே எப்படி வேர்க்குது!" என்றார் மைக்கில்.

அவள் அந்த முதுகைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.