தரிசனம் நல்லா ஆச்சா?

ஐம்பது தாண்டியவர்களுக்காகத் திருப்பதியில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் சல்சா நடன வகுப்புக்கு, மூன்று வாரம் வராமலிருந்த முனிகிருஷ்ணன் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடி மாறும். கை கோத்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “மலைக்குப் போய்க்கினு வந்தீங்களா சார்? தரிசனம் நல்லா ஆச்சா?” திருப்பதியில் மொட்டைக்கு வேறென்ன அர்த்தம் இருக்கப்போகிறது!

பெண்சாதி தாட்சாயணி செத்துப்போனாள், பிள்ளையில்லாததால் நானே கொள்ளி வைத்தேன் என்று முதல் பாட்டிலேயே சொல்லியிருக்கலாம். படுக்கையில் கிடந்தபடி அவரை இங்கே விரட்டியவளே அவள்தான். திரும்பி வந்ததும் புது ஸ்டெப்பைக் கட்டிலருகே ஆடிக் காட்டச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த மனுஷன் சாவைப் பற்றிப் பேசுவான்?

“நல்லா ஆச்சும்மா” என்றார், எல்லோரிடமும்.

கடைசிப் பாட்டுக்கு ஜோடி சேர்ந்த பிரமிளா, “லட்டு எங்க சார்? நீங்களே துன்னுட்டீங்களா?” என்று பொய்க்கோபம் காட்டினாள்.

“அடுத்த வாரம் எல்லாருக்கும் எடுத்தாறேன்.”

படி இறங்கும்போதுதான் உறைத்தது. சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது. பாழாய்ப்போன வாய்! லட்டு இல்லாமல் அடுத்த வாரம் எந்த முகத்தோடு இங்கே வருவது? மலையோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமையையும் தனக்குத்தானே சாத்திக்கொண்டு, யாருமில்லாத வீட்டைப் பார்த்து நடந்தார்.