லாட ஆணி

ராஜாத்தி பசுவின் கழுத்து மணிக்குள் கந்தலைத் திணித்துக்கொண்டிருந்தாள். நேற்றுத் திணித்த துணி கழனித் தொட்டியில் விழுந்துவிட்டது. மணியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. அப்படியும் மனம் கேட்காமல் மாட்டை ஓட்டிப்போய்க் கொல்லைக்கு அப்பாலிருந்த புளியமரத்தில் கட்டினாள். கோழிகள் ஏற்கெனவே பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் போய்விட்டன. கதவு கிரீச்சிடாமல் இருக்கக் குடுமியில் விளக்கெண்ணெய் விட்டிருந்தாள். கை வளையல்களைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டு எட்டு நாளாகிறது.

உள்ளறையில் ஜன்னலைச் சாக்கால் மூடிய இருட்டில் அவள் தம்பி முனிவேல் கிடந்தான். தனுர்வாயு. ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், உடம்பு வில்லாய் வளைந்து குதிகாலும் பின்தலையும் மட்டும் பாயில் நிற்கும். அவள் ஓடிப்போய் இரண்டு கால்களையும் அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிடிப்பதால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் பிடிப்பாள்.

ஓசூர் டாக்டர் ஊசி போட்டார். ரோட்டோர ஆஸ்பத்திரியில் லாரி ஹாரனே இவனைக் கொன்றுவிடும், வீட்டில் இருட்டில் வையுங்கள் என்றார். பத்து நாள் தாண்டினால் பிழைப்பான் என்றும் சொன்னார். இன்று எட்டாம் நாள்.

முனிவேல் பாகலூர்ச் சந்தையில் காளைகளுக்கு லாடம் அடிப்பவன். அதே சந்தைத் திடலில்தான் மற்ற நாட்களில் பந்தாட்டம். பெங்களூரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய பழைய பூட்ஸ் ஒரு ஜோடி டீமில் இருந்தது. அதை அவன் தொடவே மாட்டான். மாட்டுக்கெல்லாம் செருப்பு மாட்டுகிறவன் தன் காலை மட்டும் சும்மா விடுகிறானே என்று ஊர் சிரிக்கும். டெல்லி ஆசிய விளையாட்டில் நம்மவர்கள் தங்கம் வாங்கியது வெறுங்காலோடுதான் என்பான் அவன். அந்தக் கணக்கை அறைச் சுவரில் கரியால் எழுதியும் வைத்திருந்தான்: 1951, டெல்லி. இந்தியா 3, இந்தோனேசியா 0. இந்தியா 3, ஆப்கானிஸ்தான் 0. இந்தியா 1, இரான் 0. இரானுக்குக் கீழே இரண்டு கோடு.

ஆனேக்கல் டீமோடு ஆடிய அன்று பாதி ஆட்டத்தில் ஒரு லாட ஆணி காலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு ஆடி முடித்தான். அவன் அடித்த ஆணியாகவேகூட இருக்கலாம். சாயங்காலம் நொண்டிக்கொண்டு வந்தவனை உட்காரவைத்து, ராஜாத்தி இதே பசுவின் சாணியைச் சூடாக எடுத்து மஞ்சள் குழைத்துக் காயத்தில் அப்பிக் கட்டுப் போட்டாள். அம்மா இருந்தவரை எல்லாக் காயத்துக்கும் அதுதான். இவனுக்கே அம்மா எத்தனை முறை வைத்திருக்கிறாள். புருஷன் துரத்திவிட்ட பிறகு தம்பி சோற்றில் இருப்பவள், அவனுக்குச் செய்ய முடிந்த பெரிய காரியம் போல அதைச் செய்தாள்.

காயம்பட்ட ஒன்பதாம் நாள் தாடை இறுகி, களி உருண்டை அவன் வாய்க்குள் போகவில்லை.

அன்றே ஓசூரில் டாக்டர் காயத்தைக் கீறும்போது நிமிர்ந்து பார்த்தார். "இதுல என்னம்மா வெச்சீங்க? சாணி கீணி வெச்சீங்களா?"

"ஒண்ணும் வெக்கலீங்க. வெந்நி ஊத்திக் கழுவுனேன்."

பெஞ்சில் படுத்திருந்த முனிவேல் அவளைப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்கு வாய் பாதி திறந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் கத்தியைக் கழுவப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் ஆழமாகக் கீறியிருப்பாரோ? எட்டு நாளாக இந்த ஒரு கேள்விதான். இருட்டில் அவன் மூச்சை எண்ணும்போதெல்லாம் அது வந்து பக்கத்தில் உட்காரும்.

சாயங்காலம் கௌஸ் பாஷா வந்தான். மரக்கடையில் வேலை, டீமுக்கு கோல் கீப்பர், முனிவேலோடு சின்ன வயதிலிருந்து ஆடியவன். நோய் கண்ட முதல் நாள் பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கிக் குழாய் ஊரெல்லாம் அலறி முனிவேலை வளைத்துப் போட்டபோது, ராஜாத்தி அங்கே போய் அழுதாள். குழாயின் ஒயரைப் பிடுங்கிவிட்டவன் இவன்தான். ஊர் முணுமுணுத்தது. அன்றுமுதல் இவன் ஒருவன் மட்டும் பெட்டியில் காதை ஒட்டவைத்து மணிலாவில் நடக்கும் ஆட்டங்களைக் கேட்டுக்கொண்டு வருகிறான். முதல் ஆட்டத்தில் ஜப்பானை மூன்றுக்கு இரண்டில் ஜெயித்ததாக அவன் கிசுகிசுத்த அன்று முனிவேல் ராத்திரி முழுக்க ஒரு தரமும் வளையவில்லை. அதனால் இன்றும் ராஜாத்தி கௌஸ் பாஷாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். தோற்றுவிட்டார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவனை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

"எவ்வளவு?"

"நாலு–சைபர். இந்தோனேசியா. அவ்ளோதான்க்கா, இனி ஆட்டம் இல்ல. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

"ஜெயிச்சோம்னு சொல்லு, பாஷா. இன்னும் ரெண்டே நாளு."

கௌஸ் பாஷா தரையைப் பார்த்தான். "கோல் விட்டப்ப எல்லாம் அவன்கிட்ட உண்மையத்தான் சொல்லியிருக்கறேன்க்கா. என் மூஞ்சிய பார்த்தாலே கண்டுபுடிச்சிருவான்."

"இருட்டுல என்னா மூஞ்சி தெரியப் போவுது."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவளும் பின்னாலேயே போனாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

முனிவேலின் முகம் ஐந்து நாளாகச் சிரித்தபடியே இருந்தது. இந்த நோய் கன்னத்தை இழுத்துப் பல்லைக் காட்டி வைத்துவிடுகிறது. கண்கள் மட்டும்தான் அவனுடையவை. அவை கௌஸ் பாஷாவிடம் போயின.

கௌஸ் பாஷா குனிந்து காதோரம், மூச்சுவிடுகிற அளவுக்கே சொன்னான். "தோத்துட்டோம்டா. நாலு–சைபர்."

ராஜாத்தி கால்களைப் பிடிக்கத் தயாராக மண்டியிட்டாள். கால்கள் அசையவில்லை.

கடித்த பற்களுக்கு நடுவிலிருந்து வெகுநேரம் கழித்து ஒரு சொல் வந்தது. "பூட்ஸ்?"

"ஆமாடா. நம்மாளுங்க எல்லாரும் போட்டுக்கினுதான்."

முனிவேல் சிரித்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. கண்கள் சுவர்ப்பக்கம் போயின. மறுபடி கௌஸ் பாஷாவிடம் வந்தன, மறுபடி சுவருக்கு.

கௌஸ் பாஷா கரித்துண்டைத் தேடி எடுத்தான். சுவரில் கரி உரசும் சத்தம் ராஜாத்தியின் பல்லைக் கூச வைத்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் தம்பியின் கணுக்காலைப் பார்த்தாள். 1954, மணிலா. இந்தியா 3, ஜப்பான் 2. இந்தியா 0, இந்தோனேசியா 4. எழுதி முடியும்வரை ஒன்றும் ஆகவில்லை. அவள் மூச்சை விட்டாள்.

மறுநாள் உச்சிவேளையில் எந்தச் சத்தமும் இல்லாமலே இழுப்பு வந்தது. மாடு கத்தவில்லை, காக்கை கரையவில்லை, தெருவில் ஆளில்லை. அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வளைந்த உடம்பு இறங்கியபோது மூச்சு இல்லை. வாய்விட்டு அழ அவளுக்குப் பயமாக இருந்தது. நாகம்மா தற்செயலாக எட்டிப் பார்த்து அலறிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

குருபரப்பள்ளியிலிருந்து தாய்மாமன் தீர்த்தகிரி வந்தார். ஜன்னல் சாக்கைக் கிழித்தெறிந்தார். சுவரைப் பார்த்தார், கௌஸ் பாஷாவைப் பார்த்தார்.

"உங்க பந்தாட்டந்தான்டா அவன முழுங்கிருச்சு. பூட்ஸப் போட்டுக்கினு ஆடியிருந்தா ஆணி ஏறியிருக்குமா?"

வாசலில் கூடியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். வீம்பு பிடித்தவன் என்றார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ராஜாத்தி அதைக் கேட்டுக்கொண்டு தூணோரம் நின்றாள்.  

முற்றத்தில் பலகை போட்டுக் குளிப்பாட்டினார்கள். ஆண்கள் செய்கிற வேலை. காலை மட்டும் நான் கழுவுகிறேன் என்று அவள் பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டாள். கௌஸ் பாஷா குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினான். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பொருக்கைத் தேய்த்தபோது, மஞ்சள் கலந்து காய்ந்த பச்சைத் துணுக்கு ஒன்று அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே வைக்கோல் நார்.

அவள் நிமிர்ந்தாள். கௌஸ் பாஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தீர்த்தகிரி இரண்டடி தள்ளி நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கௌஸ் பாஷா குடத்தை இன்னும் சாய்த்தான். தண்ணீர் அவள் கையின்மேல் கொட்டியது. துணுக்கு கரைந்து பலகைக்கடியில் போயிற்று. அவன் அடுத்த குடத்துக்குப் போனான்.

கால் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். பாடையில் கிடத்தினார்கள். சாவு வீட்டில் என்ன இத்தனை அமைதி, மேளக்காரர்கள் எங்கே என்று தீர்த்தகிரி கேட்டார். அவர்கள் தெருமுனையில்தான் காத்திருந்தார்கள். எட்டு நாளாக இந்தத் தெருவில் மூச்சுவிடக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததால் கூப்பிடாமல் வரத் தயங்கினார்கள். தீர்த்தகிரி கையைக் காட்டினார்.

முதல் தப்பட்டை அடி விழுந்தது.

ராஜாத்தி பாய்ந்துபோய்த் தம்பியின் கால்கள் இரண்டையும் அமுக்கிப் பிடித்தாள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். இரண்டாவது அடி விழுந்தது, மூன்றாவது. அவள் கைகளுக்கடியில் கால்கள் சும்மா கிடந்தன.

சத்தத்துக்கு மிரண்டு புளியமரத்தடியில் பசு தலையை உதறியது. மணியில் கந்தல் அப்படியே இருந்தது.