தம்பி ராவிய துளை

மர்பி டவுனில் அய்யாவு வேட்டைக் கத்தி செய்து கமர்ஷியல் தெருக் கடை ஒன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். கத்தியின் அலகுக்கும் பிடிக்கும் நடுவே, விரல் வழுக்கி வெட்டுவாயில் போய்விடாமல், குறுக்கே ஒரு பித்தளைத் துண்டு நிற்கும். கார்டு என்பார்கள். பிடிக்குள் போகும் அலகின் வால் நுழைய அதில் நீளமாக ஒரு துளை வேண்டும். உயிரை வாங்கும் வேலை அதுதான். மில்லிங் மெஷின் வைத்திருப்பவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அய்யாவு வீட்டில் இருந்தது ஒரு கை டிரில், துண்டைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், சில அரங்கள், அப்புறம் அவன் மனைவி பாஞ்சாலி.

அவன் வரிசையாகப் பொட்டுப் பொட்டாகத் துளை போட்டுக் கொடுப்பான். அவற்றை அரத்தால் ராவி ஒன்றாக்குவது அவள். அலகின் வாலில் சிம்னி விளக்குக் கரியைத் தடவிக் கார்டில் செருகிப் பார்ப்பாள். பித்தளையில் கரி ஒட்டிய இடம் இடிக்கிற இடம். அங்கே மட்டும் அரத்தைக் காட்டுவாள். ஒரு இழுப்பு கூடிப்போனால் துளை தொளதொளத்துவிடும், கார்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கடை ஆள் வந்தால் அரத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பெண்பிள்ளை கைபட்ட கத்தியைக் கடையில் வாங்க மாட்டார்கள் என்று அய்யாவு முடிவு கட்டியிருந்தான். மகா கெட்டிக்காரன். யாரையும் கேட்டுப் பார்த்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஓசூர் ரோட்டுப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பிழைத்தது போதும், அந்த வேலை எப்படியாவது கிடைக்க வேண்டும் என்று இருவருக்குமே இருந்தது. நன்றாக அமைந்த ஒரு கார்டை அவளே பொறுக்கி, அலகோடு துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

கம்பெனியில் சூப்பர்வைசர் சேஷகிரி கார்டை அலகில் ஏற்றி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். எந்தப் பக்கமும் வெளிச்சம் கசியவில்லை. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே ஒரு பித்தளைத் துண்டைக் கொடுத்து, இதிலும் அப்படியே போடு என்று வைஸைக் காட்டினார். எதிரிலேயே செய்யச் சொல்வார்கள் என்று வீட்டில் இருவர் புத்தியிலும் தட்டவில்லை. கடைக்காரர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அய்யாவு வியர்க்க வியர்க்க ராவினான். துளையின் வாய் அகன்றது, நடுவில் மேடு தட்டியது. சேஷகிரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபிக்கவில்லை.

“இது நீ பண்ணினதில்லையேப்பா. பண்ணினவனை நாளைக்கு அழைச்சுண்டு வா. டெஸ்ட் இல்லாம எடுத்துக்கறேன்.”

பெண்டாட்டி என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. தம்பி என்றான். தம்பியைக் கூட்டிவரச் சொல்வாரே என்று உடனே உறைத்தது.

“செத்துட்டான் சார்” என்றான்.

சேஷகிரி நல்ல மனிதர். தம்பியைப் பறிகொடுத்தவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஃபிட்டர் வேலை முடியாது, ஸ்டோரில் ஹெல்பராகத் திங்கட்கிழமை வந்து சேர் என்றார்.

காராபூந்திப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். கடைக்குப் போக வேண்டிய கார்டுகளை ராவிக்கொண்டிருந்த பாஞ்சாலிக்கு, வேலை கிடைத்தது என்றதும் முகம் மலர்ந்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். தன் சாமர்த்தியத்துக்கு அவளும் சிரிப்பாள் என்று நினைத்து அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கை நின்றுவிட்டது.

“ராவுன ஆளக் கூட்டியாரச் சொன்னாரா?”

“ஆமா.”

“டெஸ்ட்டு இல்லாம?”

உன்னை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது, சிரிக்க மாட்டார்களா என்று அவன் சமாதானம் சொன்னான். கம்பெனி தன்னை எடுக்காது என்பது அவளுக்கும் தெரியும். சொல்லவாவது சொல்லியிருக்கலாம் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அரத்தைத் தொடவில்லை.

மறுநாள் கடை ஆள் வந்தான். பாஞ்சாலி அடுப்படிக்குப் போகாமல் வைஸ் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கார்டுகள் பாதியில் கிடந்தன. வேலை ஏன் முடியவில்லை என்று அவன் அய்யாவுவைக் கேட்டான். பதில் அவளிடமிருந்து வந்தது.

“ராவுற ஆளு செத்துட்டாரு. எப்போன்னு இவரக் கேளு.”

கடை ஆள் அய்யாவு பக்கம் திரும்பினான்.