விட்டுப்போன தட்டுகள்

ஆய்வகத்தில் எல்லாரும் அவளைக் கறார்க்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எழுதிய கெர்னலில், அதாவது சிப்பை நடத்தும் அடிப்படை நிரலில், ஒரு தட்டுகூடத் தவறாது. தட்டு என்றால் சிப்பின் கடிகாரம் தரும் குறிப்பு. நோயாளிக்கு மருந்து ஏற்றும் கருவியின் ஒரே சிப்புக்குள், நிரலாலேயே உருவான இரண்டு மெய்நிகர் கணினிகள் ஒண்டிக் குடித்தனம் செய்தன. ஒன்று திரையைக் கவனிக்கும். மற்றது, தட்டுக்கு ஒரு சொட்டாக நோயாளியின் நரம்பில் மருந்தை ஏற்றும். திரைக்காரன் சிப்பைப் பிடித்து வைத்திருக்கையில் மருந்துக்காரன் தூங்குவான். அப்போது விழும் தட்டுகளை அவளது கெர்னல் சேர்த்துவைத்து, அவன் விழித்ததும் ஒன்றுவிடாமல் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் அவன் கடிகாரம் பின்தங்கிவிடுமே! இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோதனைக்காக மருந்துக்குப் பதிலாகக் கருவியில் விட்ட தண்ணீர், எப்போதாவது குபுக்கென்று குவளையில் கொட்டியது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலச் சாதுவாகச் சொட்டியது. கருவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வண்டி வாசலில் நின்றது. மேலாளர் திரும்பத் திரும்ப எட்டிப்பார்த்தார்.

"மொத்த அளவு சரியாத்தானே இருக்கு? அப்புறம் என்னம்மா?"

"மொத்தம் சரிதான் சார். ஆனா எங்கேயோ இடிக்குது."

"இடிக்குதுன்னு சொல்லி வண்டியை நிறுத்த முடியுமா?"

முடியாதுதான். அவள் விருட்டென்று வெளியே வந்தாள். செல்போனை ஆய்வகத்துக்குள் கொண்டுபோகக்கூடாது. வெளியே பெட்டியில் பூட்டிவைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் கணவனின் செய்திகள் வரிசைகட்டி நின்றன. காலையிலேயே குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. ஆனாலும் கிளம்பி வந்துவிட்டாள். முதல் செய்தி: "ஜுரம் ஏறுது. மருந்து குடுக்கவா?"

"உடனே குடு" என்று அடித்தாள். அடுத்தது, "ரொம்ப அழறா." "தோள்ல போட்டுக்கோ" என்று அதற்கும் பதில் அனுப்பினாள். கறார்க்காரி அல்லவா, எதையும் தாண்டிப் போகமாட்டாள். மூன்றாவதற்குப் போவதற்குள் போன் அடித்தது.

"மறுபடியுமா குடுக்கச் சொல்ற?" என்றான் கணவன். "நீ பதில் போடலைன்னு அப்பவே குடுத்துட்டேனே? நீ சொன்னியேன்னு புட்டியைக்கூடத் திறந்துட்டேன். ஆனா எனக்குக் கை வரலை."

"ஐயோ, குடுத்துடாதே! மூடி வை! நான் உன் பழைய கேள்விக்குப் பதில் போட்டேன்!"

"கடைசியா போட்டதைப் பார்த்திருக்கலாம்ல? ஜுரம் விட்டிருச்சு. தூங்குறா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு இரண்டும் சட்டென்று நின்றன. மருந்துக்காரனும் இப்படித்தானே விழிக்கிறான்? பழைய தட்டுகளையெல்லாம் அவள்தானே அவன் கையில் மொத்தமாகத் திணிக்கிறாள்? அவனுக்குக் கை வராமல் போகாது. கொடுத்துக்கொண்டே இருப்பான்.

உள்ளே ஓடினாள்.

"வண்டியை அனுப்பிடுங்க சார். இன்னைக்குக் கருவி போகாது."

"எங்கே இடிக்குதுன்னு தெரிஞ்சுதா?"

"என்கிட்டதான் சார். விட்டுப்போன தட்டையெல்லாம் சேர்த்துக் குடுத்திருக்கேன். ஒரே ஒரு தட்டு குடுத்து, இப்ப மணி என்னன்னு மட்டும் சொல்லியிருக்கணும்."

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் குவளையில் குபுக்கென்று கொட்டியது. அவர் அதையே ஒரு கணம் பார்த்தார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.